காலையில் வெள்ளை, சாயங்காலம் கறுப்பு

“மேடம், காலையில வெள்ளையாவே இருக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப கறுப்பா?”

பார்லர்காரிக்குத் தலை சுற்றியது. கையில் சீப்பு, எதிரே நாற்காலியில் பேங்க் மேடம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் மட்டும் அவரை விடவில்லை.

“கறுப்புதாம்மா. குளிச்சா போயிடற சாயம் போடுங்க. புருவத்தை எடுத்து விடுங்க. மத்ததெல்லாம் பழையபடி.”

“ராத்திரி குளிச்சுட்டு, அடுத்த ஞாயித்துக்கிழமை காலையில திரும்பவும் வெள்ளைத் தலையோட வந்து நிப்பீங்க.”

“நிப்பேன்.”

“சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல மேடம்.”

“புரிய வேண்டாம். தப்பு மட்டும் நடக்கக் கூடாது. கண்டுபிடிச்சுட்டா அந்த உயிர் தாங்காது.”

எந்த உயிர்? கேட்டால் மேடம் கண்ணை மூடிக்கொள்வார்.

முன்பெல்லாம் இப்படியா? காதோரம் ஒரு நரை எட்டிப் பார்த்தால் போதும், வீடு பற்றி எரிகிற மாதிரி ஓடி வருவார். “வயசாகறது என் கையில இல்ல. அது வெளியில தெரியறது என் கையிலதான் இருக்கு” என்று சிரிப்பார். கொஞ்ச மாதங்களுக்கு முன்னால் திடீரென்று சாயமே வேண்டாமென்று விட்டுவிட்டார். சரி, எத்தனையோ பேர் நரையோடு ஜம்மென்று நடக்கிறார்கள், இவரும் நடக்கட்டும் என்று பார்லர்காரி மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்தை என்னவென்று சொல்ல? காலையில் வந்து, “பவுடர்கூட வேண்டாம், இழுத்து ஒரு கொண்டை போடுங்க” என்று பத்து வயதைக் கூட்டிக்கொண்டு போகிறார். சாயங்காலம் வந்து இருபது வயதைக் குறைத்துக்கொண்டு போகிறார்.

மேடம் தெருமுனை திரும்பியதும், கல்லாவில் இருந்த நாத்தனார் எழுந்து வந்தாள்.

“அண்ணி, நான் சொல்றேன் பாருங்க. காலையில ஒரு ஆளு, சாயங்காலம் ஒரு ஆளு.”

“சீ, வாயைக் கழுவு. இந்த வயசுலயா?”

“ஏன், இந்த வயசுல வரக் கூடாதுன்னு சட்டமா?”

“அடி போடி. எனக்கு வேற பயம். காலையில சொன்னதைச் சாயங்காலம் மறந்துடறாங்களோ என்னவோ.”

“மறதிக்காரங்க இப்படி டாண்ணு நேரத்துக்கு வந்து நிப்பாங்களா?”

அதுவும் நியாயம்தான். இரண்டு பேரும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்ததில் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. இத்தனை வருஷம் தொட்டுப் பழகிய தலை. அதற்குள்ளே ஏதோ ஆகிவிட்டதோ?

அடுத்த ஞாயிறு சாயங்காலம், அலங்காரம் முடிந்தும் மேடம் நாற்காலியை விட்டு எழவில்லை.

“எங்கம்மா உங்களைப் பாக்கணுமாம். உனக்கு அலங்காரம் பண்றவளையே கூட்டிட்டு வா, எனக்கும் முடி வெட்டி விடட்டும்னு ஒரே பிடிவாதம். முதியோர் இல்லத்துல இருக்காங்க. வர்றீங்களா?”

“இதுக்கென்ன மேடம், வந்தாப் போச்சு.”

காரில் ஏறியதும் மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “காலையில நான் கடைக்கு வர்றதை மட்டும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

அப்படியானால் அந்த உயிர் அம்மாவா? பெற்ற தாயிடம் மகள் எதற்கு வேஷம் போட வேண்டும்? பார்லர்காரிக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவும் போயிற்று.

ஜன்னலோரக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் அம்மா.

“வாடி சின்னவளே. காலையில உங்கக்கா வந்தா. துரும்பா இளைச்சுட்டா. வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுடி.”

“சொல்றேம்மா. அக்கா நல்லாத்தான் இருக்கா.”

“அக்காவா?” என்று வாய்வரை வந்ததைப் பார்லர்காரி விழுங்கினாள். மேடம் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, துண்டு வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டார்.

“என்னம்மா திருதிருன்னு முழிக்கறே?” அம்மா சிரித்தார். “எனக்கு ரெட்டைப் பொண்ணுங்க. ஒரே அச்சு. மூத்தவ, நரைச்சா நரைச்சுட்டுப் போகுதுன்னு விட்டவ. சின்னவளுக்கு நரையைக் கண்டா பாம்பைக் கண்ட மாதிரி. ஞாயித்துக்கிழமை காலையில அவ வருவா, சாயங்காலம் இவ வருவா.”

காலையில் தான் கொண்டை போட்டு அனுப்பியது யாரை, இப்போது யாரோடு வந்திருக்கிறோம் என்பதெல்லாம் பார்லர்காரிக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அடக் கடவுளே! இந்தப் பொய்யில் அவளுக்கும் பங்கு இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்தே இந்த அம்மா கண்டுபிடித்துவிட்டால்?

“ஆமாம்மா... அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கம்மா” என்று உளறினாள்.

அம்மா வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு அவளைக் குனியச் சொல்லி, காதருகே மெதுவாகச் சொன்னார்:

“மூத்தவ போயிட்டாங்கறது எனக்கு அப்பவே தெரியும் கண்ணு, இவகிட்ட காட்டிக்காத, ஒடைஞ்சு போயிடுவா. இனிமே அவளுக்குக் கரையாத கண்மையா பாத்துப் போட்டு விடு... ‘அக்கா நல்லா இருக்கா’ன்னு சொல்றப்பல்லாம் அது கன்னத்துல வழியுது, நான் பாக்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்க வேண்டியிருக்கு.”