மூன்று புள்ளிக்குள் அருளப்பன்

நர்ஸ் ஃபிலோமினா போட்டிருக்கும் கணினி மூக்குக்கண்ணாடியின் திரையில் எட்டு நோயாளிகளின் முகங்களுக்குத்தான் இடம். வார்டில் இருப்பதோ நாற்பது பேர். அடிக்கடி மணி அடிப்பவர்கள் முன்னால் நிற்பார்கள். மற்றவர்கள் ஓரத்திலிருக்கும் மூன்று புள்ளிக்குள் போய்விடுவார்கள். அதைத் தொட்டுத் திறந்து பார்க்க யாருக்கு நேரம்?

“மணி அடிங்கய்யா. இல்லைன்னா என் கண்ணுல படவே மாட்டீங்க,” என்று பதினேழாம் படுக்கை அருளப்பனிடம் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

“நீயே ஓடிக்கிட்டிருக்க. உன்னை வேற கூப்பிடணுமாம்மா?” என்றார் அவர்.

மூன்றாம் நாள் காலை, விரிப்பு மாற்றப் போன ஆயாதான் அலறினாள். அருளப்பனின் சில்லிட்ட கைக்குள் மணிப் பொத்தான் அமுக்கப்படாமலே இருந்தது.

சற்று நேரத்தில் மகளும் டாக்டரும் பிணவறைக்காரரும் மாறி மாறி அவரைப் பற்றிக் கேட்டு ஃபிலோமினாவை அழைத்தார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் அவள் கண்ணாடியில் அருளப்பனின் முகம் மேலேறி, அன்று முழுக்க முதல் இடத்தில் நின்றது.