வழியில் வைத்த பெட்டிகள்

"குழாயும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த வாளியை வச்சுட்டுக் கிளம்பு." நிலவறைத் தரையில் தகர வாளியை ணங்கென்று வைத்தாள் தோரா.

ஹால்டோருக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து முதுகொடியப் பாடுபட்டுப் பழைய ஃபர்னஸைப் பெயர்த்து, வீட்டைச் சூடாக்கப் புதிதாக ஒன்றைப் பொருத்தியவன் அவன். சுவரைத் துளைத்துப் புகை போக ஒரு குழாயும் காற்று வர ஒரு குழாயும் வெளியே விட்டாயிற்று. வடிகிற தண்ணீருக்கு வழி செய்வதுதான் பாக்கி. அதற்குப் போய் வாளியா!

"அக்கா, இது பழசு மாதிரி இல்ல. புகையில இருக்கிற சூட்டையெல்லாம் உறிஞ்சிடும். அப்புறம் அந்தப் புகை தண்ணியா வடிஞ்சுக்கிட்டே இருக்கும். நம்ம கிம்லி ஊர்க் குளிருக்கு நாளைக்கே இந்த வாளி ரொம்பி வழியும்."

"வழியட்டும்."

"அதுல ஆசிட் வேற இருக்கு. தகரத்தையே தின்னுடும்."

"தின்னா தின்னட்டும். உன் வீட்டு வாளியா?"

கஞ்சத்தனமோ என்று முதலில் நினைத்தான். தரையின் மூலையில், வடிகால் வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தது. "காசே வேணாம், வண்டியில மிச்சக் குழாய் கிடக்கு. போட்டுக் குடுத்துடறேன்" என்று கெஞ்சிப் பார்த்தான். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

"சரி, தினம் யாரு இதைத் தூக்கி ஊத்துவா? நீங்களா? இந்தக் கையோடவா?"

தோராவின் வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

"படியில விழுந்துட்டேன். அதை விடு. ஏன், வீட்ல ஆம்பள இல்லையா?"

இருக்கிறார்தான். அவள் புருஷன் பியார்னி, மேலே ஜன்னலோர நாற்காலியில் ஏரியைப் பார்த்தபடி. வந்ததும் ஹால்டோர் போய்க் கும்பிடு போட்டான், அவர் திரும்பவே இல்லை. பக்கத்தில் தட்டில் வைத்த அடுக்குக் கேக் விளிம்பெல்லாம் காய்ந்து கிடந்தது. சுவரைத் துளைத்தபோது அலமாரிப் பீங்கானெல்லாம் கடகடவென்று ஆடியது, அந்த நாற்காலி மட்டும் கிறீச்சிடவில்லை. முன்பெல்லாம் எவன் வீட்டில் எவன் குழாய் போட்டாலும், கூப்பிடாமலே வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "கோணலா இருக்குடா முட்டாளே" என்று வம்புக்கிழுக்கிற மனுஷன்!

போன மார்கழியில் அவருடைய ஒரே பையன் எய்ரிக், உறைந்த ஏரியில் வலை போடப் பனிவண்டியில் போனவன், பனி உடைந்து உள்ளே போய்விட்டான். அதோடு சரி, அவர் அந்த நாற்காலியோடு ஒடுங்கிவிட்டார்.

ஹால்டோர் பெருமூச்சு விட்டுக்கொண்டே தண்ணீர் வடியும் வாய்க்கு நேராக வாளியை நகர்த்தினான். நிமிர்ந்து பார்த்தால் தோரா சுவரோரம் இருந்த அட்டைப் பெட்டிகளைக் காலால் தள்ளிக்கொண்டு வருகிறாள். ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில் பெரிதாக 'எய்ரிக்'. அத்தனையையும் வாளிக்கும் வடிகாலுக்கும் நடுவில் வரிசையாக வைத்தாள்.

"ஐயோ, அங்க வேணாம்க்கா! வாளி வழிஞ்சா தண்ணி அந்தப் பக்கமாத்தான் ஓடும். எல்லாம் நனைஞ்சு போயிடும்."

"நனைஞ்சா நனையட்டும்."

"அக்கா... அது எய்ரிக் சாமான்."

"எனக்குப் படிக்கத் தெரியாதா? எழுதினதே நான்தான்."

திறந்திருந்த ஒரு பெட்டியில் கையால் பின்னிய கம்பளிச் சட்டை தெரிந்தது. அதற்கடியில் சறுக்குக் காலணி. தூக்கிப் போட மனசு வராமல், தானாக மக்கிப் போகட்டும் என்று விடுகிறாளோ? பெற்றவள் செய்கிற வேலையா இது? இப்படியும் ஒரு கல்நெஞ்சு உண்டா என்று அவனுக்கு ஆத்திரம் பொங்கியது.

"இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தா என் லைசென்ஸைப் பிடுங்கிடுவான்" என்று முணுமுணுத்தபடி ஸ்விட்சைப் போட்டான். ஃபர்னஸுக்குள் தீ பற்றியது. வெளியே சுவரோரம் வெண்புகை கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் முதல் சொட்டு வாளியில் விழுந்தது.

டொண்.

தோரா அண்ணாந்து பார்த்தாள். "மேல கேட்குமா?"

"நல்லாவே கேட்கும். சூட்டுக் காத்து போற குழாய், அண்ணன் காலடியிலதானே திறக்குது. தொந்தரவா இருக்கும், இருங்க." இடுப்பில் செருகியிருந்த கை துடைக்கும் துணியை உருவி வாளிக்குள் போட்டான் ஹால்டோர்.

இடது கையால் அதை எடுத்து அவன் மேலேயே எறிந்தாள் தோரா.

டொண். டொண்.

இருவரும் நின்றார்கள். மேலே ஒரு சத்தமும் இல்லை. அதற்கு மேல் அவனால் பொறுக்க முடியவில்லை.

"உங்களுக்கு என்னதான் ஆச்சு? பெத்த புள்ள சாமானை யாராவது இப்படி..."

தோரா கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். 

"நான் படியில விழுந்து கத்தினப்போ அந்த மனுஷன் எந்திரிச்சு வரல, தம்பி. புள்ள சாமான் நனையுதுன்னு கத்தினாலாவது வர்றாரான்னு பார்க்கிறேன்."