ஏழாவது வரி

ரேணுகாதேவியின் மடிக்கணினியில் சிவப்பு எழுத்து வந்து நின்றதும், செல்வகணேஷ் எழுந்து போவதற்காக நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

ஆனால் அவள் கூப்பிட்டது அவரை இல்லை.

"ஏட்டி சனா, இங்கன கொஞ்சம் வா. எனக்கும் அதே அறுபத்தஞ்சுதான் வருது."

சனா எழுந்து போனாள். பஜாரில் ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுக்கிறவள். படித்தது பி.காம். கம்ப்யூட்டர் எல்லாம் செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். செல்வகணேஷ் இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரில் ஒன்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவர்.

தள்ளிய நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடையின் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே பாகு காய்ச்சும் வாசனை படியேறி வந்துகொண்டிருந்தது. ஆறு பேர் ஆறு மடிக்கணினிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் மழைக்குறிப்புக்காக வந்தவர்கள்.

மழைக்குறிப்பு செல்வகணேஷ் எழுதிய செயலி. புதூரிலும் எப்போதும்வென்றானிலும் இன்னும் எழுபது ஊர்களிலும், மழை பெய்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று யாராவது ஒருவர் அளந்து அதில் போடுவார். அதைப் பார்த்துத்தான் மானாவாரிக்காரர்கள் விதைப்பதா பொறுப்பதா என்று முடிவு செய்கிறார்கள். காசு கிடையாது. அதன் நிரலும் ஊருக்கே பொது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம்.

திருத்துவதற்கு முதலில் அதைத் தங்கள் கணினியில் ஓட வைக்க வேண்டும். அதற்கான வழிமுறையைச் செல்வகணேஷே தமிழில் வரிசையாகப் பதினோரு வரியில் எழுதி வைத்திருந்தார். ஆனால் ஒரு வருடமாக, அதன்படி செய்கிற எல்லோருக்கும் பாதியில் அறுபத்தைந்து என்று ஒரு எண்ணைக் காட்டி நின்றுவிடும். அது என்ன அறுபத்தைந்து என்று இணையத்தில் தேடினால், பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள்.

உடனே செல்வகணேஷ் அண்ணாச்சிக்கு போன் வரும்.

அவரும் சலிக்காமல் போவார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். தேள்கடிக்கு மந்திரிக்கிறவர் மாதிரி வாய்க்குள் எதையோ முணுமுணுத்தபடி நாலு தட்டுத் தட்டுவார். ஓடிவிடும். அண்ணாச்சி கை வைத்தால்தான் ஓடும் என்று பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சு காதில் விழுந்த அன்றெல்லாம் அவருக்கு இரண்டு இட்லி கூடுதலாக இறங்கும்.

எல்லோரும் போன் செய்துவிடுவதில்லை என்பதும் உண்மைதான். புதூர் உக்கிரபாண்டி மூன்று நாள் மல்லுக்கட்டிப் பார்த்தான். நமக்கு மண்டை பத்தாது என்று சொல்லிவிட்டு ஆடு பார்க்கப் போய்விட்டான்.

இப்போது சனா குனிந்து நின்று ரேணுகாதேவிக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். திரையைத் தன் பக்கம் திருப்பவில்லை. விசைப்பலகையைத் தொடக்கூட இல்லை. ரேணுகாதேவியே தட்டினாள். ஓடியது.

அடுத்து சுடலைக்குமாருக்கு நின்றது. அவனும் சனாக்கா என்றுதான் கூப்பிட்டான்.

செல்வகணேஷுக்கு வயிறு எரிந்தது. பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள், நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அடங்கவில்லை. ஒரு கணினியாவது அவளுக்குப் பிடி கொடுக்காமல் நின்றுபோக வேண்டும், எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டார்.

ஆறும் ஓடின.

யாரோ டீ சொன்னார்கள். முதல் கிளாஸ் வழக்கமாக அவருக்குத்தான் வரும். இன்றைக்கு அது சனாவிடம் போனது. அவள் அதை வாங்கி அவர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"அண்ணாச்சி, வழிமுறைல ஒரு வரி சேத்து உங்களுக்கு அனுப்பிருக்கேன். நீங்க ஒரு அமுக்கு அமுக்கினா போதும், இனி எல்லாருக்கும் தானா ஓடிரும்."

சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் போய்விட்டாள். யார் என்ன திருத்தினாலும் கடைசியில் செல்வகணேஷ் சம்மதித்தால்தான் ஏறும். அதற்கான பச்சைப் பொத்தான் அவர் ஒருவரிடம்தான் உண்டு. திறந்து பார்த்தார்.

ஏழாவது வரியாகச் சேர்த்திருந்தாள்: ஜாவா பதினேழாம் பதிப்பை மட்டும் நிறுவவும். புதியது இருந்தால் அறுபத்தைந்து என்று காட்டி நின்றுவிடும்.

ஓர் எழுத்து மாறாமல் அது அவருடைய வரி.

போன வருடம் மணியாச்சி ரயில்வேயில் வேலை பார்க்கும் ஹாரூன் என்று ஒருவர், யாரையும் கேட்காமல், வழிமுறையைப் படித்தே எல்லாவற்றையும் ஓட வைத்தார். நானே போட்டுவிட்டேன் என்று மழைக்குறிப்புக் குழுவில் எழுதினார். எல்லோரும் அவருக்குக் கைதட்டும் படம் போட்டார்கள். அன்று சாயங்காலமே செல்வகணேஷ் இந்த வரியை எடுத்துவிட்டார்.

எடுத்தாலும் அழியாது. யார், எந்தத் தேதியில், எந்த வரியை எடுத்தார் என்று பழைய பதிவுகளில் பெயரோடு கிடக்கும். தன் கெட்டிக்காரத்தனத்தில் அவர் அதை மறந்தே போயிருந்தார். அங்கே போய்ப் பார்க்காமல் இந்த வரி அவளுக்குக் கிடைத்திருக்க வழியில்லை.

திருத்தத்துக்குக் காரணம் எழுதும் இடம் கீழே இருந்தது. எல்லோரும் படிக்கிற இடம். அதில் சனா எழுதியிருந்தாள்: கைதவறி அழிந்துபோன வரி. திரும்பச் சேர்த்திருக்கிறேன்.

நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் ஓரம் ரேணுகாதேவியோடு நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பொத்தானை அமுக்கினார்.

இந்த மனசும் அவளுக்குத்தானா வாய்க்க வேண்டும் என்று, அப்போதும் அவருக்கு வயிறு எரிந்தது.