சிவப்புச் சட்டைக்காக ஒரு ஜெபமாலை

பக்கத்து வீட்டுப் புல்தரை நெடுக 'வீடு விற்பனைக்கு' பலகைகள். ஒன்றல்ல, ஏழெட்டு.

ஜன்னல் வழியே பார்த்த எலிசா திரையை இழுத்து மூடினாள்.

"என்னங்க, எல்லாம் என்னாலதான். நேத்து கருவாடு வறுத்தேன்ல?"

ஏசுராஜ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கருவாட்டுக்கு ஒரு போர்டு பத்தாதா? எதுக்கு எட்டு?"

"குழந்தை வேற ராத்திரியெல்லாம் கத்துறான்."

"அப்ப சரி. அவனுக்கு நாலு, கருவாட்டுக்கு நாலு."

ஏசுராஜுக்கென்ன, சிரிப்பான். திங்கள் விடிந்தால், 2000 பிறக்குமுன் கம்ப்யூட்டர்களைத் திருத்தும் ஒய்2கே வேலை என்று இர்விங் நகரத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவான். கார் ஓட்டத் தெரியாமல், கைக்குழந்தையோடு இந்த டெக்ஸாஸ் காலேஜ் டவுனில் கிடப்பவள் அவள்தானே?

கான்வென்ட்டில் ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் கப் வாங்கியவள்தான். ஆனால் போன மாதம் கிரிஸுக்கு மூச்சு இழுத்தபோது, அவசர உதவிக்கு 911-ஐ அழைத்துவிட்டு ஒரு வார்த்தைகூடப் பேச வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு லிண்டாவிடம் ஓடினாள். லிண்டாதான் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நடுவே அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து கிரிஸ் தும்மினாலும் லிண்டாதான்.

அவள் போய்விட்டால்?

ஒரு தட்டில் அச்சு முறுக்கை அடுக்கிக்கொண்டு எலிசா மன்னிப்புக் கேட்கப் போனாள். லிண்டாவின் கணவர் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளூர்க் கல்லூரியின் ஃபுட்பால் கோச். பீரோவுக்குக் கால் முளைத்த மாதிரி ஆள்.

"சார், எங்களால் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மிகவும் வருந்துகிறேன்," என்றாள், கான்வென்ட் ஆங்கிலத்தில்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"உங்க மீனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை மேடம். வரிசையா தோத்துக்கிட்டு இருக்கோம். கோச் தோத்தா ஊர்க்காரங்க இப்படி வந்து நட்டுட்டுப் போவாங்க. மூட்டையைக் கட்டுன்னு அர்த்தம். இனி ஒண்ணு தோத்தாலும் காலேஜ் என்னை அனுப்பிடும்."

வீட்டுக்கு வந்ததும் எலிசா ஜெபமாலையைத் தேடி எடுத்தாள்.

சனிக்கிழமை டி.வி. முன்னால் முழங்காலிட்டாள். அவளுக்குத் தெரிந்தவரை ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது. இங்கே பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பாதி ஆட்டம்வரை நீலச் சட்டைக்காரர்களுக்காக உருகி உருகி வேண்டினாள்.

"நம்மாளுங்க சிவப்பு," என்றான் ஏசுராஜ்.

"நான் யாரைச் சொல்றேன்னு மாதாவுக்குத் தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. சிவப்பு ஜெயித்தது. அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும். எலிசா வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி நோன்பு இருந்தாள். வேளாங்கண்ணிக்கு ஆள் உயர மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். புதுத் தந்திரங்களால்தான் ஜெயிப்பதாக கோச் டி.வி.யில் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், அவருக்கென்ன தெரியும்?

டிசம்பரில் லிண்டா வந்தாள். உட்காரக்கூட இல்லை. கிரிஸை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஒஹையோல ஒரு பெரிய யூனிவர்சிட்டி அவரைக் கூப்பிட்டுட்டாங்க. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் கிளம்பறோம்."

"அதான் ஜெயிச்சாச்சே! ஜெயிச்சா எதுக்குப் போகணும்?"

"தோத்தா துரத்துவாங்க. ஜெயிச்சா வேற யாராவது தூக்கிட்டுப் போவாங்க. கோச் பொழப்பு அதுதான், ஹனி. கல்யாணமானதிலிருந்து எந்த ஊர்லயும் நான் பீங்கான் தட்டுப் பெட்டியை முழுசாப் பிரிச்சதில்லை."

கிரிஸின் காலிலிருந்து நழுவிய சாக்ஸை எலிசா இழுத்துவிட்டாள்.

"இந்தத் தடவை பிரிச்சுடலாம்னுதான் இருந்தேன்," என்றாள் லிண்டா. "காலேஜ் அனுப்பிட்டா இந்த ஊர் ஹைஸ்கூல்லயே கோச்சா சேர்ந்துடறேன், இனி வீடே மாத்த வேண்டாம்னு எனக்குச் சத்தியம் பண்ணியிருந்தார். அவங்களும் இடம் வச்சுக் காத்திருந்தாங்க. இந்தப் பொடியன் நடக்கிறதைப் பார்க்கலாம், உனக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுக்கலாம்னு எவ்வளவு ஆசை தெரியுமா? சனிக்கிழமை சனிக்கிழமை ஸ்டேடியத்துல கை தட்டிக்கிட்டே, 'ஆண்டவரே, இன்னிக்கு மட்டும் தோத்துடட்டும்'னு மனசுக்குள்ள கேட்டுக்கிட்டிருந்தேன். சொந்தப் புருஷன் தோக்கணும்னு!"

எலிசா தரையைப் பார்த்தாள்.

லிண்டா மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எவளோ ஒருத்தி எனக்கு எதிரா, என்னைவிட நல்லா முட்டி போட்டிருக்கா. போகட்டும், அவர் முகத்துல இப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து வருஷமாச்சு. யாரா இருந்தாலும் அவ நல்லா இருக்கட்டும்."

குனிந்த தலை நிமிராமல் எலிசா, "ஆமென்" என்றாள்.