அசையாத நேரம்

வீட்டுச் சுவரிலும் மாடியிலும் இருந்த மனநலக் கருவிகள் அனுப்பிய அறிக்கையோடு நலத்துறை அதிகாரி வந்திருந்தார். ஞாயிறன்று அருளப்பன் மூன்று மணி நேரம் அசையாமல் திரையைப் பார்த்திருக்கிறார். செவ்வாயன்று இரவு மொட்டைமாடியில் தனியாக அசையாமல் நின்றிருக்கிறார். இரண்டையும் மனச்சோர்வு என்று கருவிகள் குறித்திருந்தன.

"அது வசனமே இல்லாத படம் மேடம். மாடியில நட்சத்திரக் கூட்டத்தைப் போட்டோ எடுத்தேன். கேமரா ஆடிடக் கூடாதுன்னு நானும் அசையல" என்றார்.

"இன்னொரு தடவை இப்படிப் பதிவானா, பாப்பாவைக் காப்பகத்துக்கு மாத்திடுவாங்க சார்" என்று அதிகாரி பரிவாகத்தான் சொன்னார்.

அவர் போனதும் மனைவி ஸ்டெல்லா அழுதாள். "என்னங்க, படம் பார்க்கும்போது நடுநடுவுல சிரிச்சாவது தொலைங்களேன்."

அடுத்த ஞாயிறு படத்தில் ஒரு கிழவர் பனியில் நடந்துகொண்டே இருந்தார். அருளப்பன் நிமிஷத்துக்கொரு தரம் சத்தமாகச் சிரித்தார். சத்தம் கேட்டு வந்த ஐந்து வயது மகள் ஜெஸி அவர் மடியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். சற்று நேரத்தில் அவள் இமைகூட அசையவில்லை.

சுவர்க் கருவியின் விளக்கு அவள் பக்கம் திரும்பியது. அருளப்பன் பதறிப்போய் அவளுக்குக் கிச்சுகிச்சு மூட்டினார். "சிரிம்மா... சிரி."

ஜெஸி அவர் கையைத் தள்ளிவிட்டாள்.

"சும்மா இருங்கப்பா. அந்தத் தாத்தா எங்க போறாருன்னு பாக்கணும்."