வாசலில் இருந்தவர்

மண்ணடியின் பழைய தெருக்களைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு கண்ணாடி தருவார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் நூறு வருடத்துக்கு முந்தைய தெரு தெரியும். இன்றைய வண்டிகள், வயர்கள், மனிதர்கள் எதுவும் தெரியாது.

ஒரு ஞாயிறு காலை, அந்தத் தெருவில் குடியிருக்கும் கமருன்னிசா தன் வீட்டு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எதிரே கண்ணாடி போட்ட ஒரு கூட்டம் நின்றிருந்தது. குரல் எழும்பாமல் அவர்களை நோக்கிக் கையை நீட்டினார். அவர்கள் அவருக்குப் பின்னால் இருந்த தேக்குக் கதவை ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

வியர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றிய ஒரு பெண்தான் அவரைப் பார்த்தாள். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, உறவினர்கள் வந்ததும் போய்விட்டாள். கமருன்னிசா பிழைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கண்ணாடிக் கம்பெனி மேனேஜர் பழக்கூடையோடு வந்தார்.

“மன்னிச்சிடுங்கம்மா. இனிமே கண்ணாடியில நீங்களும் தெரிவீங்க. ஆனா அந்தக் காலத்துக்குப் பொருந்தணும். என்ன மாதிரி புடவையில காட்டலாம்னு சொல்லுங்க.”

“அப்ப எங்க அம்மாவே பொறக்கலையே தம்பி. இந்த நைட்டியோட காட்ட முடியாதா?”

“முடியாதும்மா.”

கமருன்னிசா பழக்கூடையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“அப்ப விடுங்க. அன்னைக்கு என்னைப் பார்த்துச்சே ஒரு பொண்ணு, அது நம்பர் இருந்தா மட்டும் குடுங்க.”