ஏழாவது நிமிடம்

சோதனைக்கு வர வேண்டிய ஆள் வராததால், ஆய்வுக்கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்த என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார் ஆராய்ச்சியாளர்.

"சும்மா உக்காந்திரும்மா, பத்தே நிமிஷம். நீ ஒண்ணும் பேச வேணாம். உன் நாடி பேசும்."

அதுதான் பயமாக இருந்தது.

படிவத்தில் பெயர் கிடையாது. வயது கேட்டார். இருபத்திரண்டு என்றேன். விரலில் மாட்டும் கிளிப்பை நீட்டினார். நானே மாட்டிக்கொண்டேன்.

திரையில் என் துடிப்பு பச்சைக் கோடாக ஓடியது.

முதல் ஐந்து நிமிடத்தை வைத்து ஒருவருடைய வழக்கமான ஏற்ற இறக்கத்தைக் கணினி கணக்கிட்டுக்கொள்ளும். அதன் பிறகு, தற்செயல் என்று தள்ளிவிட முடியாத மாற்றம் வந்தால் மட்டுமே அந்த இடத்தில் சிவப்புக் கோடு போடும். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்வது இது. ஆறு மாதமாகக் கதவோரம் துடைத்தபடி கேட்டிருக்கிறேன்.

அந்தக் கதவோரத்தை அவ்வளவு நேரம் துடைக்க வேண்டியதில்லை.

ஒன்பதாவது நிமிடத்தில் ஒலிபெருக்கியில் சங்கு அலறும். எல்லோருக்கும் தூக்கிவாரிப்போடும். சிவப்புக் கோடு விழும்.

எனக்கு விழவில்லை. தினமும் கேட்கிற சத்தம்.

ஏழாவது நிமிடத்தில் விழுந்திருந்தது. கிளிப் சரிந்திருக்கிறது என்று அவர் எழுந்து வந்து, என் விரலைப் பிடித்து நேராக்கிய நிமிடம்.

"ஒண்ணுமே நடக்காத நேரத்துல இது எதுக்கு ஏறுது?" என்று திரையிடம் கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்தேன். கண்டுபிடிக்காமலே விட்டுவிடுவாரோ என்றும்.

சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்காமல் விடமாட்டார். நாற்காலியில் தானே உட்கார்ந்து கிளிப்பை மாட்டிக்கொண்டார்.

"ஏழாவது நிமிஷம் வந்து, நான் பண்ணின மாதிரியே நேராக்கும்மா. மெஷின் கோளாறா, வேற எதாவதான்னு தெரிஞ்சுரும்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையை இரண்டு முறை துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். ஏழாவது நிமிடம் வந்ததும் போய் அவர் விரலைப் பிடித்தேன்.

அவர் எடுத்துக்கொண்டதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

அவருக்கும் பழகிப்போன சங்கு அலறி ஓய்ந்து, பத்து நிமிடமும் முடிந்தது. கணினி கணக்குப் போட்டது. பச்சைக் கோடு அதே சின்னச் சின்ன அலைகளோடு ஓடி முடிந்திருந்தது. அடியில் ஒரு வரி வந்தது: குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை.

அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

"அப்பாடா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. உன் கை ஆடியிருக்கும், அவ்வளவுதான்."

என் படிவத்தைக் குறுக்கே அடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அதை நான்தான் கொட்ட வேண்டும்.

"ஆமா சார்," என்றேன். "ஆடிடுச்சு."